கையக் காட்டு

காய்ச்சல் என்று போனாலும் எங்கள் டாக்டரம்மா முதலில் நெற்றியைத் தொட மாட்டார். நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். "கையக் காட்டு" என்பார். இரண்டு கையையும் நீட்ட வேண்டும். உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டு என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது முடிந்ததும் கூட வந்தவர் பக்கம் திரும்பி, "நீயும் காட்டு" என்பார். புது ஆட்கள் திகைத்துப்போய், "எனக்கு ஒண்ணுமில்லங்க, இவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"ஒண்ணுமில்லன்னு நீ சொல்றியா? எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில், ஓர் உரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே இருந்தது அவருடைய கிளினிக். இப்போது அங்கே செல்போன் கடை. டாக்டரம்மா வாட்டசாட்டமான ஆள், கரகரத்த குரல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் நடந்து வந்தால் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். வயசானவர்களுக்குத் தூக்க மாத்திரையைத் தாராளமாக எழுதலாம் என்று சொன்ன மருந்து கம்பெனிக்காரர் மேல் பேனா ஸ்டாண்டு பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். திட்டி முடித்ததும் மேஜை டிராயரை இழுப்பார். உள்ளே வறுத்த மல்லாட்டை இருக்கும், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு கை அள்ளித் திட்டு வாங்கியவர் கையில் கொட்டுவார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

புதன்கிழமை மத்தியானம் மறதி நோய்க்காரர்களுக்கு மட்டும். அன்றைக்கு நோயாளி நாற்காலியில் உட்காருவார், நோயாளிக்கு என்று போட்ட ஸ்டூலில் கூட்டிவந்தவர் உட்கார வேண்டும். டாக்டரம்மா அவரிடம்தான் முதலில் பேசுவார்.

"தூங்கினியா? சாப்பிட்டியா? அடிச்சியா?"

மூன்றையும் ஒரே குரலில் கேட்பார். மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் முதலில் இல்லை என்பார்கள். டாக்டரம்மா அவர்கள் கையைத் திருப்பிப் பார்ப்பார். பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள்.

ஒரு புதன்கிழமை பனமலைப் பக்கத்திலிருந்து ஒருத்தன் தன் அம்மாவை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். அந்த அம்மாவின் இரண்டு கையும் நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. இழுத்து இழுத்துத் தோல் வழன்று கயிறு உள்ளே பதிந்திருந்தது. டாக்டரம்மா கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்து முடிச்சை நறுக்கினார். காயத்தைக் கழுவி மருந்து போட்டார். பிறகுதான் மகன் பக்கம் திரும்பினார்.

"யாரு கட்டுனது?"

"நாந்தாங்க. ஓடிடறாங்க. அன்னைக்கு ஏரிக்குள்ள எறங்கி நின்னுக்கினு இருந்தாங்க. நான் வேலைக்குப் போவேணாமா?"

"கையக் காட்டு."

அவன் நீட்டினான். அதே கயிற்றை அவன் மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக் கட்டினார். நல்ல உரமான ஆள், ஒரு தள்ளு தள்ளியிருந்தால் டாக்டரம்மா சுவரில் போய் மோதியிருப்பார். ஆனால் அவன் என்ன நடக்கிறது என்று புரியாமல் உட்கார்ந்துவிட்டான். "மூக்கு அரிச்சா சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எல்லா டோக்கனும் முடிகிற வரைக்கும் அவன் அந்த மூலையில் இருந்தான். அவன் அம்மா நடுவில் எழுந்து போய் அவன் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் கட்டை அவிழ்த்து, மல்லாட்டை கொடுத்து, கதவுத் தாழ்ப்பாளை அம்மாவின் கண் போகாத உயரத்தில் எப்படிப் போடுவது, கதவை மறைக்க எந்த மாதிரித் திரை தொங்கவிடுவது, அக்கம்பக்கத்தில் யாரிடம் எவ்வளவு நேரம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று வெகுநேரம் சொன்னார். எவனோ செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். போலீசில் சொல்ல வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். "சொல்லட்டும்" என்றார். அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு கட்டில்லாத கையோடு வந்தாள். அது தெரியும்.

இந்தக் கை பார்க்கும் பழக்கம் அவருக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை.

அப்பா மல்லாட்டை மண்டியில் தரகர். வெளியே எல்லோருக்கும் அண்ணன். சிரித்த முகம், வெள்ளை வேட்டி. வீட்டுக்குள் வந்தால் அம்மாவை அடிப்பார். குழம்பில் உப்பு, பேச்சில் ஒரு சொல், எதுவும் இல்லாவிட்டால் மண்டியில் நடந்த ஏதோ ஒன்று. அடித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுவார். அடித்த கையால்தான் சாப்பிடுவார், கழுவமாட்டாரோ என்று நான் சின்ன வயதில் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவின் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வடிந்தது. அப்பாவே வண்டியில் ஏற்றிக் கிளினிக்குக் கொண்டுவந்தார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் வண்டிமேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

தையல் போட்டு முடித்த டாக்டரம்மா ரத்தமான கையுறையைக் கூடக் கழற்றாமல் வெளியே போனார். ஓங்கி ஓர் அறை. அப்பா வண்டியோடு சாய்ந்தார். கன்னத்தில் அம்மாவின் ரத்தம் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. உரக்கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள்.

"இன்னொரு வாட்டி இந்தம்மா தையல் போட இங்க வந்தாங்கன்னு வை, உனக்கும் சேத்துத்தான் போடுவேன்."

எனக்கு அன்றைக்குச் சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது. சில மாதம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு அப்பா தையல் தேவைப்படாத இடங்களில் அடிக்கக் கற்றுக்கொண்டார். முதுகு, தொடை, தலைமயிருக்குள். அம்மா டாக்டரம்மாவிடம் போவதையே நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம் கழித்து எனக்கு மஞ்சள்காமாலை என்று போக வேண்டி வந்தபோது, டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அம்மாவின் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். தோள் முழுக்கக் கன்றிப்போய் இருந்தது.

"நான் அடிச்சதுக்கு உனக்கு வட்டி போட்டுக் குடுத்திருக்கானா?"

அம்மா தலையை ஆட்டினாள். டாக்டரம்மா தன்னுடைய வலது கையை விரித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல இத இல்ல பாத்திருக்கணும்" என்றார். அன்றிலிருந்துதான் எல்லோரிடமும் கையைக் காட்டச் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவிடம் ஒவ்வொரு முறையும், "பொறப்பட்டு வந்துடறியா, நான் பாத்துக்கறேன்" என்று கேட்பார். அம்மா ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். இப்படியே வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி விழுப்புரம் வந்துவிட்டேன். வளவனூரில் ஒரு கூட்டுறவு பாங்கில் வேலை.

அப்பாவுக்கு மறதி நோய் வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. மற்ற வீடுகளில் சாதுவான மனிதர் ஒருநாள் கையை ஓங்கினால் என்னவோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். எங்கள் வீட்டில் அவர் கையை ஓங்காத நாள் எது? இடுப்புப் பையை அம்மா திருடிவிட்டாள் என்று அடித்தார். சோற்றில் மருந்து வைத்திருக்கிறாள் என்று தட்டை அவள் முகத்தில் வீசினார். நான் போனில் கேட்டால் அம்மா, "என்ன, எப்பவும் போலத்தான்" என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பீரோக் கண்ணாடியைக் குத்தி உடைத்தபோதுகூடக் குடித்திருப்பார் என்றுதான் பேசிக்கொண்டோம். குடிப்பதையே மறந்து மாதங்கள் ஆகியிருந்தன, அதையும் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது டாக்டரம்மா. அம்மா முழங்கையில் ஒரு கடியோடு போயிருக்கிறாள். நாய் கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா எனக்குப் போன் போட்டார்.

"பாப்பா, ஒடனே கெளம்பி வா. இது உங்க அப்பன் அடி இல்ல."

"என்ன டாக்டர் சொல்றீங்க?"

"அவன் அடி எனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா நாந்தானே மருந்து போடறேன். அவன் அறைவான், ஒதைப்பான், எங்க அடிச்சா தெரியாதுன்னு யோசிச்சு அடிப்பான். கடிக்கமாட்டான். கடிக்கிறவன் பயந்துபோனவன். அவனுக்கு என்னமோ ஆயிக்கினு இருக்குது."

அந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால் விழுப்புரத்தில் குடும்ப டாக்டர்களுக்கு மறதி நோய் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. டாக்டரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, வகுப்பு எடுத்த பெரிய நரம்பு டாக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். "நீங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கறீங்க. நடுவுல யாரு யார அடிக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாராம். அவரும் நல்ல மனிதர் போலிருக்கிறது, "அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டோம்" என்றாராம். இவர் மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். இதெல்லாம் நம் வேலை இல்லை என்று இத்தனை நாள் தானும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்ததாக அவரே என்னிடம் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்ததும் இருவரும் வீட்டுக்குப் போனோம். அப்பா கூடத்தில் நின்றுகொண்டு, உடையாமல் மிச்சமிருந்த பாதிக் கண்ணாடியைப் பார்த்துக் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டார்.

"யாரு அங்க நின்னுக்கினு இருந்தது?"

"திருட்டுப் பய. வெளிய போடான்னா போவமாட்டறான்."

"போய்ட்டான். மல்லாட்டை மூட்டை என்ன வெலை போவுது?"

அப்பா நான் பிறப்பதற்கு முந்தைய விலையைச் சொன்னார். சொல்லும்போது அந்த மண்டிச் சிரிப்பு முகத்தில் வந்து போனது. டாக்டரம்மா பேசிக்கொண்டே அவர் அடிவயிற்றில் கை வைத்தார். அடுத்த நொடி அப்பாவின் கால் அவர் நெஞ்சில் விழுந்தது. டாக்டரம்மா கட்டிலில் இடித்துக்கொண்டு விழுந்தார். நான் அப்பாவைப் பிடிக்கப் போனேன், என் தலைமயிர் அவர் கையில் சிக்கியது. அம்மா மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு கல்லாட்டம் இருக்குது" என்று தரையிலிருந்தே சொன்னார் டாக்டரம்மா. "ஒண்ணுக்கு அடைச்சிக்கினு இருக்குது. பாப்பா, மயிர வுடச் சொல்லாத, அவருக்குப் புரியாது. கையத் தடவிக் குடு, தானா வுடுவாரு."

அப்பா உதைக்க உதைக்க, எச்சில் துப்பத் துப்ப, டாக்டரம்மா தன் பையிலிருந்து டியூபை எடுத்துப் போட்டார். மூத்திரம் வாளியில் இறங்கியது. அது இறங்க இறங்க அப்பாவின் கை தளர்ந்தது. கடைசியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். டாக்டரம்மாவின் உதடு கிழிந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "வலிக்குதுன்னு சொல்லத் தெரில. அடிச்சாரு" என்றார். அதுவரை அவன் இவன் என்றுதான் அப்பாவைச் சொல்வார். அன்றைக்கு மாறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. என் தலை எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு விழுப்புரத்தில் அந்த நரம்பு டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்தோம். மருந்து அவர் எழுதினார், பார்த்துக்கொண்டது இவர். சத்தம் குறைந்தது. மூன்று புதன்கிழமைக்கு ஒருமுறை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குப் போவாள். நானும் முடிந்தபோது போவேன். வீடு ஒருவழியாக அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடி நின்றுவிடவில்லை, திசை மாறியிருந்தது.

ஒரு புதன்கிழமை அப்பா நாற்காலியில், அம்மா ஸ்டூலில், நான் சுவரோரம். டாக்டரம்மா அப்பாவின் கண்ணில் டார்ச் அடிக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். அப்பா சட்டென்று தலையைக் கவிழ்த்து, இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, உடம்பைச் சுருட்டிக்கொண்டார். அந்த மாதிரிச் சுருண்டுகொள்வது எங்கள் அம்மா. முழங்கை முன்னால், முகவாய் நெஞ்சில். எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். அதே சுருட்டல் இப்போது அப்பாவிடம்.

டாக்டரம்மா டார்ச்சை அணைத்து மேஜையில் வைத்தார். அம்மா பக்கம் திரும்பினார்.

"கையக் காட்டு."

அம்மா காட்டவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காட்டும்மா."

வலது கை விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. உள்ளங்கை சிவந்திருந்தது. டாக்டரம்மா அப்பாவின் சட்டையைத் தூக்கினார். முதுகில் கரண்டிக் காம்பின் தடம், பழையதும் புதியதும்.

நான் பேச வாயெடுத்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை அடக்கினார். அம்மாதான் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"நான் அடிச்சா அவருக்கு அஞ்சு நிமிஷத்துல மறந்துடுது டாக்டரம்மா. அவரு அடிச்சது எனக்கு மறக்கலயே. எதுக்குய்யா இத்தினி வருஷம் அடிச்சன்னு ஒருநாளு கேக்கணும்னு வச்சிருந்தேன். வயசாவட்டும், கையி ஓயட்டும், கேக்கலாம்னு இருந்தேன். இப்பக் கேட்டா, நீ யாரும்மாங்கறாரு. யாரும்மாங்கறாரு."

வெளியே டயர் கடையில் ரிம்மைச் சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அப்பா தோளைச் சுருக்கினார்.

"எனக்கு உன் மேல எவ்ளோ பாசம்னு உனக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இனிமே இவரு மேல கை வச்சன்னா நான் சும்மா வுடமாட்டேன். இவரும் என் பேஷண்ட். உன்ன அடிச்சவன இங்க கூட்டிக்கினு வா, ரெண்டு பேரும் சேந்து வெட்டலாம். அவன் இல்ல. அவன் போய்ட்டான்."

"சொல்லாம போய்ட்டாரு."

"ஆமா. சொல்லாமத்தான் போய்ட்டான்."

பிறகு, பெயர் என்ன வயசு என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்: "உனக்கு இவரு வேணுமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"வேணாங்க."

"சரி. நீ பாக்க வேணாம்."

அவ்வளவு சுலபமாக முடிந்தது. முடியாதது ஊர்ப்பேச்சுதான். நோயில் விழுந்த புருஷனைப் பெண்டாட்டி பார்க்காவிட்டால் நம் பக்கத்தில் என்னென்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்டரம்மா முந்திக்கொண்டார். சொந்தக்காரர்களை வரச் சொல்லி, "நாந்தான் பிரிச்சேன். இந்தம்மா இவரப் பாக்கக் கூடாது. டாக்டர் உத்தரவு. கேள்வி கேக்கணும்னா என்னக் கேளுங்க" என்றார். காணை என்ற ஊரிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, கேட்க வந்தாள். கிளினிக்குக்குள் புகுந்து ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் அடித்தாள். மருந்து பாட்டிலெல்லாம் தரையில் சிதறியது. "குடும்பத்தப் பிரிக்கிறதுக்கா படிச்ச நீ" என்று டாக்டரம்மாவின் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள். டாக்டரம்மா அசையாமல் நின்றார். அத்தை ஓய்ந்த பிறகு, அவள் கையில் குத்தியிருந்த கண்ணாடிச் சில்லைப் பிடுங்கி மருந்து போட்டு அனுப்பினார். மல்லாட்டை கொடுக்கவில்லை.

அப்பா என்னோடு விழுப்புரம் வந்தார். டாக்டரம்மா என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். "வேணாம் டாக்டர். ஆனா பாக்கறேன்" என்றேன். "அது போதும். ஆனா நீயும் கையக் காட்டிக்கினே இருக்கணும்" என்றார். பகலுக்கு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டேன். வாரத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா வீடியோ காலில் வருவார். திரை முழுக்க அவர் நெற்றி மட்டும் தெரியும். "கையக் காட்டு. அந்தாளக் கூப்பிடு, அவனும் காட்டட்டும்." நாங்கள் இருவரும் செல்போன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்போம். என் கணவருக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு. ஒருநாள் அவரும் மாட்டிக்கொண்டார்.

அப்பாவின் கை சும்மா இருந்தால்தான் ஓங்குகிறது என்று கண்டுபிடித்தது டாக்டரம்மாதான். ஒரு மூட்டை பச்சை மல்லாட்டை வாங்கிப் போடச் சொன்னார். அப்பா காலை முதல் சாயங்காலம் வரை உரித்தார். உரித்ததை முறத்தில் பரப்பி, ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து, "சுமாரான சரக்கு" என்பார். வீடு முழுக்கத் தொலி. காலில் குத்தும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். மாதத்துக்கு ஒருமுறை அம்மா பஸ்ஸில் வந்து எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவாள். அவர் அவளுக்கும் இரண்டு பருப்பு நீட்டுவார். வாங்கிக் கையில் வைத்திருப்பாள், சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா போன கார்த்திகையில் நிமோனியாவில் இறந்தார். உடம்பைத் திண்டிவனம் வீட்டுக்குக் கொண்டுபோனோம். காரியமெல்லாம் அத்தையின் கையில். கருமாதிக்கு முந்தின நாள் அம்மா என்னிடம், "டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான். காலையில வரச் சொல்லு."

அவளாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. போன் போட்டேன்.

காலையில் பின்கட்டில் அம்மாவை மணையில் உட்காரவைத்துத் தலை நிறையப் பூ, முகம் நிறைய மஞ்சள், முழங்கை வரை கண்ணாடி வளையல் என்று அடுக்கினார்கள். அடுக்குவது உடைப்பதற்காக. இரண்டு கையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதுவார்கள், உடையாததைக் கல்லால் தட்டுவார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அப்படி உடைத்தபோது மணிக்கட்டு கிழிந்து அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. அத்தை குழவிக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். அம்மா முழங்கையை முன்னால் கொண்டுவந்து தலையைக் கவிழ்த்தாள்.

"நிறுத்து."

டாக்டரம்மா வாசல் வழியாக வராமல் கொல்லைப்பக்கமாக வந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"இந்தம்மாவுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்துக்கினு இருக்கேன். ஒரு கீறல் பட்டாலும் ரத்தம் நிக்காது. அப்புறம் இன்னொரு கருமாதிக்கும் நீதான் வரணும். சோப்பு எங்க இருக்குது?"

அம்மா சாப்பிடுவது கேஸ் மாத்திரை ஒன்றுதான். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சொன்னால் சாமி சொன்னதற்கு மேல் என்று நினைக்கிற கூட்டம்தானே. அத்தை கல்லைக் கீழே வைத்தாள்.

டாக்டரம்மா மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் கையைச் சோப்பு நுரையில் முக்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவசரப்படவில்லை. பழைய அடியில் கோணலாகக் கூடியிருந்த சுண்டுவிரலைத் தாண்டும்போது மட்டும் நிறுத்தி, அதைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுக் கழற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாவற்றையும் அம்மாவின் மடியில் போட்டார். பச்சையும் சிவப்புமாக மடி நிறைந்தது.

"ஒடைக்காம வுட்டா எப்பிடி? சாங்கியம்னு ஒண்ணு இருக்குது இல்ல" என்று அத்தை முணுமுணுத்தாள்.

அம்மா எழுந்தாள். வளையல்களை முந்தானையில் வாரிக்கொண்டு கிணற்றடித் துவைக்கிற கல்லுக்குப் போனாள். ஒரு வளையலை எடுத்துக் கல்மேல் போட்டாள். அது உடையாமல் உருண்டது. இன்னொன்றை எடுத்து ஓங்கி அடித்தாள். சில்லு தெறித்தது. அப்புறம் எண்ணிக்கை இல்லை. கை கையாக அள்ளி அடித்தாள். பூ அவிழ்ந்து முதுகில் தொங்கியது, மஞ்சள் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது. ஒவ்வோர் அடிக்கும், "எதுக்குய்யா" என்றாள். "எதுக்குய்யா. எதுக்குய்யா." நான் ஓடப் பார்த்தேன். டாக்டரம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வந்திருந்த பெண்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தை முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

முந்தானையில் எதுவும் மிச்சமில்லாமல் போனதும் அம்மா நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா சில்லுகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து அவளிடம் போனார்.

அவர் கேட்பதற்கு முன்னால் அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள், தானாகவே திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.